உஷார்! அபராதம் கட்டிய கஞ்சா கேஸ் முடிந்துவிடவில்லை

"ஃபைன் கட்டியாச்சுல்லா, கேஸ் முடிஞ்சி போச்சு" என்று சாத்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் யாராவது உங்கள் வீட்டுப் பையனிடம் சொன்னால் அந்த ஆளை நம்பாதீர்கள். சொன்னவர் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கலாம், தெரிந்த ஏட்டையாவாக இருக்கலாம், சொந்தச் சித்தப்பாவாகவே இருக்கலாம். கஞ்சா வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வெளியே வந்தவனுக்குச் சட்டத்தின் ஏட்டில் ஒரே பெயர்தான்: தண்டனை பெற்றவன். அன்றைக்குக் கோர்ட்டு வாசலில் டீ குடித்துவிட்டு பைக்கில் வீட்டுக்கு வந்துவிடலாம். நாலு வருஷம் கழித்து வேலைக்கு ஆர்டர் வரும்போதுதான் அந்த டீயின் விலை தெரியும்.

இதை எழுதக் காரணம் ஒரு பையன். பெயர் வேண்டாம். என் நண்பர் ஒருவர் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். வேலைக்கு விண்ணப்பம், சாதிச் சான்று, பட்டா நகல் என்று காலையிலிருந்து கூட்டம் இருக்கும். ஒருநாள் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது அந்தப் பையன் ஒரு ஃபாரத்தோடு வந்தான். நல்ல உயரம். விடிகாலையில் ரோட்டில் ஓடிப் பயிற்சி எடுக்கிற உடம்பு. பாதி ஃபாரம் நிரப்பிவிட்டு ஒரு பக்கத்தில் பேனாவை நிறுத்தினான்.

"அண்ணாச்சி, இதுல 'இல்ல'ன்னு போட்டுருதேன்."

"எதுலல?"

"கேஸு இருக்கான்னு கேக்கான்."

"இருக்கா, இல்லியா?"

"அது கேஸு இல்ல அண்ணாச்சி. ஃப்ரெண்ட்ஸோட நின்னேன், ஒரு பொட்டலம் இருந்துச்சு. ஃபைன் கட்டியாச்சு. ரெண்டு வருசம் ஆவுது."

நண்பர் என்னைப் பார்த்தார். நான் பையனைப் பார்த்தேன். அவன் பொய் சொல்லவில்லை. அது கேஸ் இல்லை என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தான். எனக்குத் திக்கென்றது அங்கேதான்.

அந்தப் பக்கத்துக்கு அட்டஸ்டேஷன் ஃபாரம் என்று பெயர். அரசு வேலை எதுவானாலும் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறாயா, உன்மேல் வழக்குத் தொடரப்பட்டதா, காவலில் வைக்கப்பட்டாயா, ஜாமீன் பத்திரம் எழுதி வாங்கினார்களா, கோர்ட்டு அபராதம் விதித்ததா, தண்டித்ததா, வழக்கு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தனித்தனியே கேட்கிறார்கள். அபராதத்துக்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது, கவனியுங்கள். மத்திய அரசு ஃபாரத்தின் தலையிலேயே எச்சரிக்கையும் இருக்கும்: பொய்த் தகவல் தந்தாலோ உண்மையை மறைத்தாலோ அதுவே தகுதியிழப்பு. ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருப்பதால் நம் பையன்கள் அதைத் தாண்டி அப்பா பெயர் எழுதும் இடத்துக்குப் போய்விடுகிறார்கள்.

சரி, நம்ம ஊரில் இருந்துகொண்டு இதற்கு இவ்வளவு பதற வேண்டுமா? வேண்டும். சாத்தான்குளத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். தேரி மணலும் பனையும் கருப்பட்டியும்தான் நமக்குக் கண்ணில் படுகிறது. கிழக்கே குலசேகரன்பட்டினம், அங்கே இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். தெற்கே கூடங்குளம் அணுமின் நிலையம். ஆயிரம் மெகாவாட் உலை இரண்டு ஓடுகிறது, இன்னும் நான்குக்கு வேலை நடக்கிறது. மேற்கே விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன், கடலுக்கடியில் கிடக்கிற நீர்மூழ்கிக் கப்பலோடு பேசுகிற நிலையம், 1990இலிருந்து இயங்குகிறது. அதற்கும் அப்பால் மகேந்திரகிரி. ராக்கெட் என்ஜினைக் கட்டிப்போட்டுச் சோதிக்கிற இடம். வடக்கே தூத்துக்குடியில் துறைமுகம்.

நாட்டின் பாதுகாப்போடு ஒட்டிய இத்தனை வாசல்கள் வேறு எந்தத் தாலுகாவைச் சுற்றியும் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த வாசல் ஒவ்வொன்றிலும் ஒரு கேட் இருக்கிறது. கேட்டில் மத்தியப் படைக்காரர் நிற்கிறார். நிரந்தர ஊழியருக்குக் குணநலன், முன்வரலாறு விசாரணை. காண்ட்ராக்டில் போகிற வெல்டருக்கும் பிட்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும்கூட போலீஸ் வெரிஃபிகேஷன் இல்லாமல் கேட் பாஸ் கிடையாது. ஐ.டி.ஐ. முடித்த நம் பையனின் வாழ்க்கை அந்த ஒரு பாஸில்தான் தொங்குகிறது. ஏவுதளம் வந்தால் ஊருக்கு வேலை வரும் என்று டீக்கடையில் பேசுகிறோமே, வரும் வேலையெல்லாம் இந்தச் சல்லடையில் சலித்த பிறகுதான் வரும்.

இனி சட்டம். போதைப்பொருள் சட்டம் 1985இல் வந்தது. கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. கையில் வைத்திருந்தால் 20ஆம் பிரிவு. சிறிய அளவுக்கு ஒரு வருஷம் வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குடித்ததற்கு 27ஆம் பிரிவு. கஞ்சாவென்றால் ஆறு மாசம் வரை, அல்லது 10,000 வரை அபராதம். ஹெராயின், கொகெய்ன் என்றால் ஒரு வருஷம் வரை, அல்லது 20,000 வரை. ஒரு கிலோவும் சிறிய அளவு, ஒரு பொட்டலமும் சிறிய அளவு. பாக்கெட்டில் ஐந்து கிராம் வைத்திருந்தவன்மேலும் முக்கால் கிலோ வைத்து விற்றவன்மேலும் எஃப்.ஐ.ஆரில் ஒரே பிரிவு விழக்கூடும். பின்னால் ஃபைலைப் புரட்டும் அதிகாரிக்கு அந்தப் பிரிவு எண்தான் கண்ணில் படும், உங்கள் கதை படாது.

போலீஸ் வேலைக்கு ஓடுகிறவர்கள் அடுத்து வருவதை இரண்டு தடவை படியுங்கள். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி) என்று ஒரு விதி. வெரிஃபிகேஷனுக்கு முன்னால் எந்தக் குற்ற வழக்கிலும் சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது என்கிறது. தண்டனை பெற்றிருக்கக் கூடாது என்பதோடு நிற்கவில்லை, சம்பந்தப்பட்டிருக்கவே கூடாது. விடுதலையானாலும், சந்தேகத்தின் பலனால் விடுதலை என்றோ, சாட்சி பல்டி அடித்ததால் விடுதலை என்றோ தீர்ப்பில் எழுதியிருந்தால் அவனும் சம்பந்தப்பட்டவன்தான் என்று விதியின் விளக்கம் சொல்கிறது. வழக்கு நிலுவையில் இருந்தால் அந்த வருஷத் தேர்வு போச்சு. கௌரவமாக விடுதலையான பிறகு அடுத்த தேர்வில்தான் உட்காரலாம். இந்த விதி கடுமை, செல்லாது என்று வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2008இல் மணிகண்டன் வழக்கில், செல்லும் என்று சொல்லிவிட்டது. எழுத்துத் தேர்வில் நல்ல மார்க், கயிறு ஏறினாய், 1500 மீட்டர் ஓடினாய், நெஞ்சளவு சரி. அதற்கப்புறம் இந்த விதி வந்து நிற்கும்.

மற்ற வேலைகளில் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஆனால் அந்த இடம் மறைத்தவனுக்கு இல்லை. 2016 ஜூலையில் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் இந்த விஷயத்தை விளக்கமாகவே எழுதியிருக்கிறார்கள். சொல்கிற தகவல் உண்மையாக இருக்க வேண்டும். இளவயசில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கு என்றால், மறைத்திருந்தாலும் வேலை கொடுப்பவர் மன்னிக்கலாம். அற்பமில்லாத வழக்கை மறைத்தால் நீக்கலாம். உண்மையைச் சொன்னவனுக்கும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முன்வரலாற்றைப் பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஃபாரத்தில் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. கஞ்சா வழக்கு அற்பமா, இல்லையா? அதை நீங்களும் நானும் தீர்மானிக்க முடியாது. எதிரே உட்கார்ந்திருக்கிற அதிகாரி தீர்மானிப்பார். இப்போதிருக்கிற காற்றில், "கஞ்சா வேட்டை" என்று போலீஸ் இயக்கமே நடத்திய பிறகு, அவர் அதை அற்பம் என்று எழுதுவார் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

2022 செப்டம்பரில், வழக்கை மறைத்த சி.ஆர்.பி.எப். காவலரின் பணி நீக்கம் சரிதான் என்றது உச்ச நீதிமன்றம். 2024 பிப்ரவரியில் ரவீந்திர குமார் வழக்கில் அதே நீதிமன்றம் இரக்கம் காட்டியது. உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துப் பையன், விண்ணப்பித்த பிறகு வந்த வழக்கு, விடுதலையும் ஆகியிருந்தார், அதைக் குறிப்பிடாமல் விட்டதற்காக வேலை போனது. கொடுங்கள் வேலையை என்றார்கள். நல்ல தீர்ப்பு. ஆனால் அவர் தேர்வானது 2004இல், தீர்ப்பு வந்தது 2024இல். இருபது வருஷம். உச்ச நீதிமன்றம் காப்பாற்றும் என்று அலட்சியமாக 'இல்லை' எழுதுகிறவர்கள் அந்த இருபதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

"சென்னைல வேல பாத்தா இந்த ஊர் கேஸு யாருக்குத் தெரியும்?" என்றும் அந்தப் பையன் கேட்டான். ஒரு காலத்தில் நியாயமான கேள்வி. இன்றைக்கு ஸ்டேஷன் பதிவுகள் எல்லாம் சி.சி.டி.என்.எஸ். என்கிற வலைப்பின்னலில் ஏறிக் கிடக்கின்றன. சாத்தான்குளத்தில் போட்ட எஃப்.ஐ.ஆர்., திருப்பூரில் பெயரைத் தட்டினால் வரும். ஸ்டேஷன் ஏடு ஒன்று சொல்லி, உங்கள் கையெழுத்திட்ட ஃபாரம் வேறொன்று சொன்னால், தோற்பது எப்போதும் உங்கள் ஃபாரம்தான். இரண்டு வருஷத்துக்கு முந்தைய பொட்டலத்தைக்கூட ஒருவேளை பொறுப்பார்கள், நேற்றுப் போட்ட பொய்க் கையெழுத்தைப் பொறுக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் ஃபாரம் கேட்கிற கேள்வியே வேறு. அங்கே ரகசியக் காப்பு அனுமதி வேண்டும் என்றால், கேஸ் இருக்கிறதா என்பதோடு விடமாட்டார்கள். கடந்த ஏழு வருஷத்தில் போதைப்பொருள் தொட்டாயா என்றே ஃபாரத்தில் கேட்கிறார்கள். எப்போது, எத்தனை தடவை, ஏன் விட்டாய், இனித் தொட மாட்டாய் என்று எழுதித் தருவாயா என்று போகும். பல மாநிலங்களில் கஞ்சா கடையில் விற்கிறது. ஆனாலும் மத்திய அரசுச் சட்டத்தில் குற்றம் என்பதால் கேள்வி நீங்கவில்லை. எப்போதோ தொட்டதை ஒப்புக்கொண்டு விட்டுவிட்டவனுக்கு வழி உண்டு. மறைத்து மாட்டியவனுக்கு வழி சுருங்கிவிடும். நம் ஊரில் புகைத்தாயா என்று யாரும் கேட்பதில்லை, கேஸைத்தான் கேட்கிறார்கள். மாட்டாதவனுக்கு அது வசதி. மாட்டியவன், திருந்தி ஐந்து வருஷம் ஆகியிருந்தாலும், திருந்தினேன் என்று எழுத ஃபாரத்தில் ஒரு கோடுகூடக் கிடையாது. இது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் நியாயம் வரும்வரை ஃபாரம் காத்திருக்காது.

இன்னொன்றையும் மனசு விட்டுச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பையன்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்கள்? பயம். 2020 ஜூனில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த பிறகு சாத்தான்குளம் என்ற பெயரை உலகமே கேட்டது. அதற்கப்புறம் இந்த ஊர்த் தாய் தகப்பனுக்கு, பையன் முழு உடம்போடு வீட்டுக்கு வந்தால் போதும்; வேறு யோசனை ஓடாது. "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வாடே" என்கிறார்கள். அந்தத் தவிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பையனை வெளியே கொண்டுவர ஜாமீன் இருக்கிறது. சிறிய அளவு வழக்கில், வணிக அளவுக்கு உள்ளதுபோல ஜாமீனுக்குத் தனித் தடை இல்லை. ஜாமீனில் எடுங்கள், வக்கீலை வையுங்கள், வாய்தாவுக்கு அலையுங்கள். செய்யாத குற்றம் என்றால் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆதாரம் இருந்தால் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகலாம். வக்கீலுக்குக் காசு இல்லையா? சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். வாய்தாவுக்கு அலைகிற இரண்டு வருஷம் பெரிதாகத் தெரியும். முப்பது வருஷச் சம்பளத்துக்கு முன்னால் அது பெரிதில்லை.

நிஜமாகவே பழக்கத்தில் விழுந்துவிட்ட பையன் என்றால் அவனுக்கும் சட்டம் ஒரு கதவு வைத்திருக்கிறது, பலருக்குத் தெரியாது. 64ஏ என்று ஒரு பிரிவு. பயன்படுத்திய குற்றத்திலோ சிறிய அளவிலோ மாட்டியவர், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ போதை மீட்புச் சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்தக் குற்றத்துக்கு வழக்குத் தொடர முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டு ஓடினால் இந்தப் பாதுகாப்பும் போய்விடலாம். இதை வக்கீலிடம் நீங்களாகக் கேளுங்கள். அவரே எடுத்துச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம்.

பதினெட்டு முடியாத பிள்ளை என்றால் கணக்கே வேறு. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி, சிறு வயதில் செய்த குற்றத்தால் பின்னால் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது. கொடுங்குற்றம் தவிர மற்றவற்றின் பதிவுகளையும் அழித்துவிட வேண்டும். 2019இல் ரமேஷ் பிஷ்னோய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதனால் பிளஸ் டூ படிக்கிற பையனைப் பிடித்தால் முதலில் பிறந்த தேதிச் சான்றை எடுத்துக்கொண்டு ஓடுங்கள். பத்தொன்பது என்று ஸ்டேஷனில் எழுதிவிட்டால் அப்புறம் அதை மாற்றுவதற்குள் பிள்ளை கிழவனாகிவிடுவான்.

பாஸ்போர்ட் பற்றி நம் கடலோரத்துக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கூடங்குளம் அணு உலை எதிர்ப்புப் போராட்டக் காலத்தில் போட்ட வழக்குகளால் இடிந்தகரைப் பக்கம் எத்தனையோ பேர் பாஸ்போர்ட்டுக்கு அலைந்தார்கள். வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று 2013 மே மாசம் உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகும் அந்த அலைச்சல் தீரவில்லை. ஊருக்காக நின்றவர்களுக்கே அந்தக் கதி. பொட்டலத்துக்காக நின்றவனுக்கு யார் பேசுவார்கள்? கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. கோர்ட்டு அனுமதி வாங்கித்தான் எடுக்க வேண்டும். வளைகுடாவுக்குப் போகிறவர்களிடம் போலீஸ் சான்று கேட்பார்கள் என்பதை மறக்காதீர்கள். கப்பலுக்குப் போகிறவனுக்குச் சிறுநீர்ப் பரிசோதனையும் உண்டு. தினமும் இழுக்கிறவன் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் கஞ்சாவின் தடம் சிறுநீரில் நிற்கும். முந்தின நாள் எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தால் போய்விடும் என்பதெல்லாம் கதை.

கடைசியாக ஒன்று, இது இழுக்காத பையனுக்கு. கரையோரம் மணப்பாடு, குலசேகரன்பட்டினம், ஆலந்தலைப் பக்கம், "ராத்திரி இந்த மூட்டையை மட்டும் பைக்ல கொண்டுபோய் இறக்கிட்டு வா, ரெண்டாயிரம் தாரேன்" என்று யாராவது சொன்னால், பீடி இலைதானே என்று கிளம்பாதே. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்பது இந்தச் சட்டத்தில் எடுபடாது. 35ஆம் பிரிவின்படி, தெரிந்தே செய்தான் என்றுதான் கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிக்க வேண்டியது உன் பாடு. மூட்டை 20 கிலோவைத் தாண்டியிருந்தால் குறைந்தது பத்து வருஷம், ஒரு லட்சம் அபராதம். அதற்கப்புறம் கேட் பாஸைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்காது.

அந்தப் பையன் 'இல்லை' என்று போடவில்லை. நண்பர் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு, "மொதல்ல தீர்ப்பு நகல் வாங்கிட்டு வால, அப்பொறம் எழுதுவோம்" என்று அனுப்பிவிட்டார். இதே நிலையில் இருக்கிற எல்லோருக்கும் நானும் அதையேதான் சொல்கிறேன். வழக்கு எண்ணைக் கண்டுபிடியுங்கள். கோர்ட்டில் மனுப் போட்டு தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். எந்தப் பிரிவு, ஒப்புக்கொண்டதா, விடுதலையா, என்ன வார்த்தையில் விடுதலை என்று ஒரு வக்கீலை உட்காரவைத்துப் படியுங்கள். மேல்முறையீட்டுக்கு நாள் இருக்கிறதா என்று அன்றைக்கே கேளுங்கள். ஃபாரத்தில் அந்தக் கட்டத்துக்கு வரும்போது 'ஆம்' என்று எழுதி, வழக்கு எண்ணையும் முடிவையும் ஒளிக்காமல் கீழே குறிப்பிடுங்கள். ஆர்டர் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். நகல் கைக்கு வரவே வாரங்கள் ஆகும், ஃபாரத்துக்கு அவர்கள் தருவதோ சில நாள்.